ஐம்பத்தாறு பொய் டோக்கன்களும் ஒரு வெல்டரும்

என் மவுஸின் இடது பட்டன் வேலை செய்யாமல் போன மதியத்தில்தான் அந்த யோசனை வந்தது.

சிதம்பரம் வடக்கு வீதியில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இதே அலுவலகம்தான். அப்போது மொத்தம் ஐந்து பேர். கடலூர் முதுநகரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் பாய் ஒருவருக்காக ஒரு வலைத்தளம் கட்டிக்கொண்டிருந்தோம். அதைச் சரிபார்ப்பது என் வேலை. பெயர், தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் எண், தொழில், செல்போன் எண் என்று பதினான்கு கட்டங்களை நிரப்பி, பட்டனை அழுத்தி, டோக்கன் எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது ஒரு வரி மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. மவுஸ் படுத்துவிட்டதால் அன்று கீபோர்டிலேயே ஓட்டினேன். டேப், எழுத்து, டேப், எழுத்து, என்டர். பக்கத்து நாற்காலி தேன்மொழியோடு அவள் வாங்கிய புதுச் செருப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு படிவத்தை முடித்துவிட்டேன்.

"நீ ஸ்க்ரீனையே பாக்கல" என்றாள் அவள்.

"பாக்காமலே வந்துடுச்சி பாரு, டோக்கன்."

"அப்ப நீ எதுக்குடா? வெரல மட்டும் இங்க வச்சிட்டு வீட்டுக்குப் போயேன்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஏறியது. விரல் மட்டும் போதுமென்றால், அந்த விரலாகக் கணினியே இருக்கலாமே!

திங்கள்கிழமை வேலையில் சேரப் போகும் உங்கள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எதை எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளையை எப்படி அடிப்பது என்பதெல்லாம் தனி ஃபைலில் இருக்கிறது, அரைநாளில் படித்துவிடுவீர்கள். அதில் இல்லாததை எழுதிக் கொடு என்றார் நம் நிறுவனத்தை நடத்தும் அண்ணன். எனக்கு வயது இருபத்தாறு. "பணி அனுபவம் எழுதற மூஞ்சியப் பாரு" என்று தேன்மொழி சிரித்தாகிவிட்டது. சிரிக்கட்டும். வருடத்தைக் கணக்குப் பார்த்தால்தான் நான் சின்னப் பையன். செய்த தப்புகளைப் பார்த்தால் ஓய்வு பெறும் வயது.

தேடிப் பிடித்ததில், பிரௌசரைத் தானே திறந்து, தானே எழுதி, தானே அழுத்தும் ஒரு இலவசக் கருவி கிடைத்தது. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்து என்டரைத் தட்டினேன். பிரௌசர் திறந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

"ஐயோ, பேய் புடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் தேன்மொழி. கீழே பாத்திரக் கடைக்காரர் வரைக்கும் கூட்டி வந்து காட்டினேன். கறுப்புத் திரையில் பச்சை வரி ஓடினால் தேறியது, சிவப்பு என்றால் விழுந்தது. இரண்டு வாரம் வெறும் பச்சை. நான் தரையில் நடக்கவே இல்லை.

பதினைந்தாம் நாள் தேன்மொழி வேண்டுமென்றே பதிவுப் பக்கத்தை உடைத்து வைத்தாள். அப்போதும் பச்சை! 'விண்ணப்பம்' என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்றுதான் என் டெஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல் தலைப்பிலேயே இருந்தது; பிழை காட்டும் பக்கத்திலும் அதே தலைப்பு. இரண்டு வாரமாக நான் கொண்டாடியது ஒரு தலைப்பை. எனவே, ஒரு டெஸ்ட் எழுதியதும் முதலில் அதைத் தோற்கடித்துப் பாருங்கள். தோற்கத் தெரியாத டெஸ்ட் தேறியதாகச் சொல்வதை நம்பாதீர்கள்.

தேன்மொழி அதோடு விடவில்லை. "ஒன் டெஸ்ட்ல எல்லாருக்கும் பேரு ஏபிசிடி. அப்பா பேரு எக்ஸ்ஒய்இசட். இவங்கதான் துபாய்க்கு வெல்டரா போகப்போறாங்களா?"

ரோஷம் வந்துவிட்டது. நம் ஊர்ப் பெயர்கள் எளிதானவை அல்ல. முன்னால் இரண்டு இனிஷியல், நடுவில் புள்ளி, நாலு சொல் நீளும் முகமதுகள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயர். இதையெல்லாம் படிவம் தாங்க வேண்டாமா? நான் முதுநகர்க்காரன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சோனாங்குப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடுவோம். அங்கேயும் எங்கள் தெருவிலுமாக அறுபது பேரிடம் பெயர், அப்பா பெயர், செல்போன் எண் எல்லாம் வாங்கினேன். பாஸ்போர்ட் எண் மட்டும் நானே இட்டுக்கட்டியது.

"நம்பர் எதுக்குடா? கண்ட மெசேஜும் வருமா?" என்று கேட்டான் வீரமணி. பக்கத்துப் படகுப் பட்டறையில் வெல்டர். எங்கள் அணியில் பந்தை வலைக்கு மேல் அறைபவன் அவன்தான்.

"ஒண்ணும் வராது மச்சான். வெறும் டெஸ்ட்டு."

உண்மையும் அதுதான். நாங்கள் சோதிக்கும் தளத்தில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை அணைத்து வைத்திருந்தோம். மக்கள் பார்க்கும் லைவ் தளத்தில் மட்டும்தான் அது உண்டு.

பாய் முதல் பதிவுக்கு நாள் குறித்தார். வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறைக்கு வெல்டர்கள் தேவை. நேர்காணலுக்கு அறுபது டோக்கன். காலை பத்து மணிக்குத் தளம் திறக்கும், முந்தியவருக்கு முதலிடம். வீரமணியும் பதியப் போவதாகச் சொல்லியிருந்தான். மூன்று வருடமாக அவன் பாஸ்போர்ட் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை பாசஞ்சர் தாமதம். அலுவலகம் ஏறும்போது பத்து ஐந்து. அண்ணன் வேறொரு வேலையாகப் புதுச்சேரி போயிருந்தார். எனக்கொரு பழக்கம்: பையைக் கழற்றும் முன்பே அந்த ஒற்றை வரியை அடித்து ஓட விட்டுவிட்டு, கீழே போய் டீ குடிப்பேன். அன்றும் அப்படியே செய்தேன். திரும்பி வந்தால் ஐம்பத்தாறு பச்சை, கடைசி நான்கு சிவப்பு. 'இடங்கள் நிரம்பிவிட்டன' என்று காரணம் வேறு. எங்கள் சோதனைத் தளத்தில் இடத்துக்கு வரம்பே கிடையாது. யாரோ எதையோ உடைத்துவிட்டார்கள் என்று புரோகிராமுக்குள் தலையை விட்டுக் கால்மணி நேரம் தேடினேன்.

பாய் போன் செய்தார். குரலில் கல்யாண வீட்டுக் களை.

"தம்பி! கால்மணி நேரத்துல ஃபுல்லு! அல்ஹம்துலில்லாஹ்! நம்ம கடைக்கு இவ்ளோ மவுசு இருக்கும்னு நானே நெனைக்கல. சேதி கேட்டா, இதே தொழில் பண்ற எங்க சம்மந்தி வயிறு எரிவாரு, போ."

எனக்கும் பெருமை தாங்கவில்லை. தேன்மொழிக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். போனை வைத்த மறு நொடி வீரமணி.

"மச்சான்! மெசேஜு வந்துடுச்சிடா! டோக்கன் இருவத்தொண்ணு! நான் நெட் சென்டருக்குக் கெளம்பறதுக்குள்ள நீயே போட்டுட்டியா? இன்னாடா நீ, சொல்லவே இல்ல! ஓனருகிட்ட லீவு சொல்லிட்டேன். அம்மா தெருவுக்கே சொல்லிட்டு வருது."

நான் எதையும் போடவில்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். லைவ் தளத்தில் மட்டும்தானே மெசேஜ் போகும்? செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் மாலை, அறிவிப்புப் பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க லைவ் தளத்தின் முகவரியைப் போட்டிருந்தேன். திருப்பி மாற்றவில்லை.

அறுபது இடங்களில் ஐம்பத்தாறை என் இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. நிஜ ஆள் நெட் சென்டரில் ஒரு படிவம் நிரப்ப ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். என் இயந்திரத்துக்குப் பத்தே விநாடி. அந்தப் பந்தயத்தில் தப்பித்து உள்ளே வந்தது நான்கே நான்கு நிஜ மனிதர்கள்.

இதுவே ஏபிசிடியாக இருந்திருந்தால் யார் பார்த்தாலும் தெரிந்திருக்கும். நான்தான் ஊர் ஊராகப் போய் அசல் மாதிரியே ஆட்களை உண்டாக்கி வைத்திருந்தேனே!

"மச்சான், ஒரு அஞ்சு நிமிசத்துல கூப்புடறேன்" என்று போனை வைத்தேன்.

இதற்கு அடுத்த ஐந்து நிமிடம்தான் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது. அப்போது உலகத்தில் எல்லோருமே சந்தோஷமாக இருந்தார்கள். பாய் சந்தோஷமாக, வீரமணி சந்தோஷமாக, அவன் அம்மா சந்தோஷமாக. தப்பு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சத்தம் போடாமல் சரிசெய்துவிட்டு ஏதோ சர்வர் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் முழுசாக யோசித்தேன். பிறகு பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், அது ஃபுல் ஆகல. என் டெஸ்ட்டு ஓடிடுச்சி. ஐம்பத்தாறு பேரும் பொய்யி."

பாய் தன் கடை ஆளிடம் கத்தினார். "டேய், பரங்கிப்பேட்டையிலேருந்து ரெண்டு பேரு வந்தாங்களே, ஃபுல்லுன்னு அனுப்பினேனே, ஓடிப்போயி புடிடா, பஸ்ஸு ஏறிடப் போறாங்க!" என்னிடம் திரும்பினார். "திட்டறத அப்புறம் ஒக்காந்து நிதானமா திட்டறேன். இப்ப இன்னா பண்ணணும், அதச் சொல்லு."

"தளத்த மூடறோம். பொய்ய அழிச்சிட்டு, பன்னெண்டு மணிக்கு மறுபடியும் தொறக்கறோம்னு அறிவிப்பு போடறோம்."

"பன்னெண்டுலேருந்து ரெண்டு வரைக்கும் முதுநகர்ல கரண்டு கட்டு. எந்த சென்டர் ஓடும்? ஒங்க சிதம்பரத்து கரண்ட மட்டும் பாக்காத தம்பி. மூணு மணி வையி."

எங்கள் ஊர் மின்வெட்டு நேரத்தை எனக்கு நினைவூட்ட அவர் தேவைப்பட்டார். பதற்றத்தில் மனிதன் தன் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியை மட்டும்தான் பார்க்கிறான்.

பிறகு அழிக்கிற வேலை. பத்து ஐந்திலிருந்து பத்து பதினைந்து வரை பதிவானதையெல்லாம் ஒரே வீச்சில் அழித்துவிடலாம் என்றேன். தேன்மொழி என் கையைத் தட்டிவிட்டாள்.

"நடுவுல பத்து ஒம்பதுக்கு ஒருத்தரு இருக்காரு பாரு. ஒன் கறுப்பு ஸ்க்ரீன்ல அந்தப் பேரு இல்ல. நெஜ ஆளு. அவசரத்துல அவரையும் சேத்து அழிப்பியா?"

ஆகவே ஒவ்வொன்றாகச் செய்தோம். அவள் கறுப்புத் திரையிலிருந்து பெயரை வாசிக்க, நான் பதிவேட்டில் தேடி அழித்தேன். வாலிபால் அணியில் பாதி போனது. இருபத்தொன்று வந்ததும் என் கை நின்றுவிட்டது.

"இன்னா நிறுத்திட்ட?"

"வீரமணி. இவன் நெஜமாவே வெல்டரு தேனு. நெஜமாவே பதிய இருந்தவன். பாஸ்போர்ட் நம்பர மட்டும் சரியானதா மாத்திட்டா..."

அவள் யோசித்தாள். "விட்டுடேன். ஒரு சீட்டுதான? யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். விடு என்று சொன்னதால்தான் நான் கேட்பது என்னவென்று எனக்கே புரிந்தது. பாயின் கடை ஆள் பஸ் நிறுத்தத்துக்கு யாரைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிறார்? அந்த இரண்டு பேருக்கும் கணினிக்காரன் நண்பன் கிடையாது. வீரமணியை விட்டு வைத்தால் மற்ற ஐம்பத்தைந்து தவறு. இந்த ஒன்று மட்டும் தவறாக இருக்காது, திருட்டாகிவிடும். அழித்தேன்.

அவனுக்குப் போன் செய்வதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

"மச்சான், அந்த டோக்கன் நெஜம் இல்லடா. என் டெஸ்ட்டு தப்பா ஓடிடுச்சி. அழிச்சிட்டேன்."

"வெளையாடாத."

"சத்தியமாடா. மூணு மணிக்கு மறுபடியும் தொறக்குது. பாஸ்போர்ட்ட எடுத்துக்கினு சென்டருக்குப் போயி, எல்லாரையும் போல நீயே பதிஞ்சிக்க."

"ஒண்ணும் வராது, வெறும் டெஸ்ட்டுன்னு சொன்ன இல்ல?" என்றான். "நீ ஞாயித்துக்கெழம வா. பந்து எங்க வந்து விழுதுன்னு பாரு" என்று வைத்துவிட்டான். மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். வெல்டிங்கே தெரியாத தையல்காரர் ஒருவர், "எனக்கும் கெடச்சிதே, நான் கத்துக்கறேனே" என்று கெஞ்சினார்.

மூன்று மணிக்குத் தளம் திறந்தது. நாங்கள் இருவரும் பதிவேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்கு, ஏழு, பதினொன்று. மூன்று பத்துக்கு முப்பத்து மூன்று. வீரமணி பெயர் வரவில்லை. போன் வந்தது.

"டேய், 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது'ன்னு சொல்லுதுடா! நாலு வாட்டி போட்டாச்சி. பின்னால ஆளு நிக்கிறாங்க, எழுந்திருங்கறாரு சென்டர்காரரு!"

அப்போதுதான் உறைத்தது. குறுஞ்செய்தி அனுப்புவதற்காகச் செல்போன் எண்களைத் தனிப் பட்டியலாக வைத்திருந்தோம். பதிவேட்டில் பெயரை அழித்தேன். அந்தப் பட்டியலில் எண்ணை அழிக்கவில்லை. முப்பத்தெட்டு ஆகியிருந்தது. என் விரல் தானாகவே பதிவேட்டைத் திறந்து அவன் பெயரை அடிக்க ஆரம்பித்தது.

"அது மறுபடியும் ஒன் டோக்கன்தான்டா, அவன் டோக்கன் இல்ல" என்றாள் தேன்மொழி. இந்த முறை அவள் விடு என்று சொல்லவில்லை. "ஐம்பத்தாறு நம்பரையும் நான் தொடைக்கறேன். நீ அவன எழுந்திருக்காமப் பாத்துக்க."

"மச்சான், பக்கத்த மூடாத. நான் சொன்னதும் அழுத்து. சென்டர்காரர்கிட்ட போனக் குடு." அவரிடம் நான் என்னென்ன கெஞ்சினேன் என்பது இங்கே வேண்டாம். நாற்பத்து நான்கு. நாற்பத்தேழு. தேன்மொழியின் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. ஐம்பது.

"ம்!" என்றாள்.

"அழுத்துடா!"

திரையில சக்கரம் சுத்துதுடா, சுத்துதுடா என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் திரையில் ஐம்பத்தொன்று, யாரோ. ஐம்பத்திரண்டு, யாரோ. ஐம்பத்து மூன்று, ஆர். வீரமணி, வெல்டர், சோனாங்குப்பம். நான் போட்ட கூச்சலில் பாத்திரக் கடைக்காரர் மாடியேறி வந்துவிட்டார்.

பரங்கிப்பேட்டைக்காரர்கள் இரண்டு பேரும் பாயின் கடையிலிருந்தே பதிந்தார்கள். பாய் சொன்னபடியே சனிக்கிழமை நேரில் வந்து, நிதானமாக உட்கார்ந்து, ஒரு சொல்லைக்கூட இரண்டாம் தடவை பயன்படுத்தாமல் திட்டினார். முடித்ததும், "அந்த மெஷின எனக்கும் காட்டு" என்றார். பிரௌசர் தானாகப் படிவம் நிரப்புவதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுறுசுறுப்பா? இதுக்கு விசா எடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

இப்போது லைவ் முகவரி இருந்தால் அந்த ஒற்றை வரி ஓட மறுக்கும். பெயர்கள் அசல் மாதிரியே இருக்கும். ஆனால் செல்போன் எண்கள் நம் அலுவலகத்தினுடையவை மட்டுமே. யாருடைய எண்ணையும் 'வெறும் டெஸ்ட்டு' என்று சொல்லி வாங்காதீர்கள். வாங்கியவனைத் தவிர யாருக்கும் அது வெறும் டெஸ்ட் அல்ல.

வீரமணி நேர்காணலுக்குப் போனான். தேறவில்லை. தலைக்கு மேலே இருக்கும் குழாயை அண்ணாந்து பற்றவைக்கச் சொன்னார்களாம். படகில் குனிந்தே பழகியவனுக்கு அது கைகூடவில்லை. பிறகு பட்டறை உத்தரத்தில் ஒரு பழைய குழாயைக் கட்டித் தொங்கவிட்டுப் பழக ஆரம்பித்தான். அடுத்த மாதம் அதே கப்பல் பட்டறைக்குப் பாய் மறுபடியும் பதிவு திறக்கிறார். "இந்த வாட்டியாவது ஒன் மெஷினு ஒழுங்கா இருக்குமா, இல்ல மொதல்லயே சீட்டு குடுத்துட்டுப் புடுங்குமா?" என்று கேட்கிறான்.

அவனுக்காகத்தான் புது டெஸ்ட் ஒன்று எழுதியிருக்கிறேன். நாங்கள் இதுவரை எழுதியதெல்லாம் முதல் தடவை வருகிற ஆளை வைத்து. ஒரு தடவை வந்து, தேறாமல் போய், சில மாதம் கழித்து அதே பாஸ்போர்ட்டோடும் அதே எண்ணோடும் திரும்பி வருகிறவனை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. நேற்றுச் சோதனைத் தளத்தில் ஓட்டினேன். 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று சிவப்பில் விழுந்தது. சரியாக விழுகிறது, அதில் எனக்குத் திருப்தி. இதைச் சரிசெய்ததும் அண்ணன் தம்பி இருவர் ஒரே செல்போனை வைத்துக்கொண்டு வருவதையும், பட்டனை அழுத்தும் நொடியில் சென்டரில் கரண்ட் போவதையும் முயன்று பார்க்க வேண்டும்.

பதிவு திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அங்கே அவன் அண்ணாந்து பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். திங்கள்கிழமை நாம் மூவரும் அந்தச் சிவப்பு வரியிலிருந்து தொடங்கலாம்.